மீன்பாடு குறையவில்லை, மீன் மட்டும் சிறுத்துவிட்டது

கேள்வி: ஐயா, நான் ஒரு விசைப்படகு உரிமையாளர் சங்கத்தின் செயலாளர். அப்பா காலத்திலிருந்து கடல்தொழில்தான். எங்கள் துறைமுகத்தில் ஆண்டுதோறும் இறங்கும் மீனின் மொத்த எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் மீன் சிறுத்துக்கொண்டே வருகிறது. முன்பு ஒரே நாளில் திரும்பிய படகுகள் இப்போது மூன்று நான்கு நாள் தங்கல் போடுகின்றன. “கடல் என்றால் ஏறும், இறங்கும், பயப்பட ஒன்றுமில்லை” என்கிறார்கள் பெரியவர்கள். “மிதமிஞ்சிப் பிடிக்கிறீர்கள், கண்ணியைப் பெரிதாக்குங்கள், தடைக்காலத்தை நீட்ட வேண்டும்” என்கிறார்கள் அதிகாரிகள். “நாம் விட்டால் பக்கத்துத் துறைமுகத்துக்காரன் அள்ளிக்கொண்டு போவான்” என்கிறார்கள் இளைஞர்கள். மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருப்பதுபோலத் தெரிகிறது. எங்கள் சங்கம் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

இறங்கும் எடை அப்படியே இருக்கிறது, மீன் சிறுத்துவிட்டது, தங்கல் நாள் கூடிவிட்டது. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லிவிடலாம். மூன்றும் சேர்ந்து வரும்போது சொல்ல முடியாது. மீன்வள ஆய்விலேயே காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் நேராகச் சொல்கிறேன்: நீங்கள் விவரிப்பது மிகை மீன்பிடிப்பின் அடையாளம். நிலைமை கைமீறிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இன்னும் சில ஆண்டுகள் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று ஒத்திப்போடும் கட்டத்தை உங்கள் கடல் தாண்டிவிட்டது.

முதலில் அந்த மொத்த எடைக் கணக்கை நம்புவதை விடுங்கள். கரைக்கு வரும் எடையை வைத்துக் கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று சொல்ல முடியாது. கடலில் இருக்கும் மீனும் நீங்கள் போடும் உழைப்பும் சேர்ந்து தரும் எண் அது. மீன் பாதியாகக் குறைந்து உழைப்பு இரு மடங்கானால் எண் அசையாமல் நிற்கும். உங்கள் அப்பா காலத்து எஞ்சினின் குதிரைத்திறன் என்ன, இன்றைய எஞ்சினின் திறன் என்ன? அன்று வலையின் நீளம் என்ன, இன்று என்ன? மீன் கூட்டத்தைத் திரையில் காட்டும் எதிரொலிக் கருவி, நல்ல பாடு கிடைத்த இடத்துக்கு மறுபடியும் துல்லியமாகக் கொண்டுபோய் நிறுத்தும் ஜிபிஎஸ், கூடுதல் நாள் தங்க வசதியாக ஐஸ் அறை என்று எல்லாம் கூடியும் எடை மட்டும் கூடவில்லை என்றால், குறைந்தது எது என்பதில் சந்தேகம் இருக்க முடியாது.

ஒரு மணி நேர இழுப்புக்கு எத்தனை கிலோ என்று பார்ப்பது மொத்த எடையைவிட நல்ல அளவுகோல்தான். ஆனால் அதுவும் ஏமாற்றும். கூட்டமாக வாழும் மீன்களின் எண்ணிக்கை குறையும்போது அவை கடல் முழுவதும் சீராக மெலிந்து போவதில்லை. ஓரங்களைக் கைவிட்டு, தமக்கு மிகவும் உகந்த இடங்களில் நெருங்கி நிற்கின்றன. படகுகளும் தேடிப்போவது அதே இடங்களைத்தான். அதனால் கடைசிக் கூட்டம் இருக்கும்வரை வலை கனமாகவே வரும்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் நடந்தது இதுதான். அங்கே வடக்குக் காட் மீனை நூற்றாண்டுக் கணக்கில் பிடித்துவந்தார்கள். 1960-களில் பெரிய இழுவைக் கப்பல்கள் வந்தன. 1968-ல் மட்டும் 8 லட்சம் டன்னுக்கு மேல் பிடித்தார்கள். 1977-ல் கனடா தன் எல்லையை 200 கடல்மைலுக்கு நீட்டி, வெளிநாட்டுக் கப்பல்களை வெளியேற்றியது. இனி மீன் பெருகிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். உள்நாட்டுக் கப்பல்கள் அந்த இடத்தை நிரப்பின. 1980-களின் நடுவிலேயே கரையோரச் சிறு மீனவர்கள் மீன் சிறுத்துவிட்டது, கரைக்கு வருவதில்லை என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஆழ்கடல் இழுவைக் கப்பல்களின் ஒரு மணி நேரப் பாடு நன்றாக இருந்ததால், அதை நம்பிய கணிப்பாளர்கள் கடலில் உண்மையில் இருந்ததைவிட மிக அதிகமான மீன் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். 1992 ஜூலையில் மீன்பிடிப்பையே முழுதாக நிறுத்த வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 30,000 பேரின் பிழைப்பு ஒரே அறிவிப்பில் போனது. இரண்டு ஆண்டுத் தடை என்றுதான் அன்று சொன்னார்கள். அது விலக்கப்பட்டது 2024-ல். இத்தனை விரிவாகச் சொல்வதற்குக் காரணம், அந்தக் கரையோர மீனவர்கள் அன்று சொன்னதும் உங்கள் கடிதத்தில் இருப்பதும் ஒன்றேதான் என்பது.

பெரியவர்கள் சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். கடல் ஏறி இறங்குவது உண்மை. நீரோட்டம், வெப்பம், குஞ்சுகளுக்கு இரை கிடைக்கும் காலம் எல்லாம் சேர்ந்து ஒரு ஆண்டு குஞ்சு பெருகும், மறு ஆண்டு பொய்த்துப்போகும். தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் நெத்திலியைப் பாருங்கள். 1970-ல் ஏறத்தாழ 1.2 கோடி டன் பிடித்தார்கள். உலகில் வேறெந்த ஒற்றை மீனினத்தையும் அந்த அளவு பிடித்ததில்லை. 1972-ல் கடல்நீரைச் சூடேற்றும் எல் நினோ வந்தது. 1973-ல் 20 லட்சம் டன்கூடக் கிடைக்கவில்லை. இதைக் கடலின் குற்றம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் எல் நினோ அதற்கு முன்பும் பலமுறை வந்து போயிருக்கிறது, மீன் மீண்டிருக்கிறது. இந்த முறை, மோசமான ஆண்டைத் தாங்கிப் பிழைக்கத் தேவையான வயதுவந்த மீன்களை முன்கூட்டியே வாரி எடுத்துவிட்டிருந்தார்கள். ஆகவே பெரியவர்களிடம் இப்படிச் சொல்லுங்கள்: கடல் இறங்கும் என்பது உண்மையாகவே இருப்பதால்தான், இறங்கும் ஆண்டுக்காகத் தாய் மீனை விட்டுவைக்க வேண்டும்.

இது உங்கள் துறைமுகத்தின் தலையெழுத்து மட்டுமல்ல என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பின் கணக்கில், மிதமிஞ்சிப் பிடிக்கப்படும் கடல்மீன் வளங்களின் பங்கு 1974-ல் 10 சதவீதம், 2021-ல் 37.7 சதவீதம்.

இனி, எங்கிருந்து தொடங்குவது? ஒரு பலகையிலிருந்து.

ஒரு மீட்டர் நீளப் பலகை, அதன் ஒரு முனையில் செங்குத்தாக அறைந்த சிறு தடுப்பு, தடுப்பிலிருந்து தொடங்கும் சென்டிமீட்டர் கோடுகள். இவ்வளவுதான் கருவி. மீனின் வாயை மூடி, மூக்கு தடுப்பில் முட்டும்படி படுக்க வைத்து, வாலை இழுக்காமல் அதன் இயல்பில் விட்டு அளவைப் படியுங்கள். வால் இரண்டாகப் பிரிந்த மீனுக்குக் கவட்டைவரை படிப்பதா, நுனிவரை படிப்பதா என்பதை முதல் நாளே முடிவு செய்து, பிறகு மாற்றாதீர்கள். எந்த மீனை அளப்பது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். ஏலத்துக்குத் தரம் பிரித்த கூடையிலிருந்து எடுத்தால் அது உங்கள் கடலைக் காட்டாது, வியாபாரியின் கண்ணைத்தான் காட்டும். பிரிப்பதற்கு முன் குவியலிலிருந்து ஒரு கூடை அள்ளி, அதில் இருக்கும் அந்த இனத்து மீன் அத்தனையையும், குஞ்சும் பொடியுமாக, விடாமல் அளக்க வேண்டும். கழிவு மீன் என்று தனியே ஒதுக்கித் தீவனத் தூள் ஆலைக்கு அனுப்புகிறீர்களே, அந்தக் குவியலிலிருந்தும் ஒரு கூடை அளக்க வேண்டும். அங்கேதான் உங்கள் நாளைய வருமானம் கிடக்கிறது.

எல்லா இனத்தையும் அளக்கக் கிளம்பாதீர்கள். ஒரு மாதத்தில் சலித்துப்போய் விட்டுவிடுவீர்கள். இரண்டு மூன்று இனம் போதும். அதிக வருமானம் தருவது ஒன்று. மெதுவாக வளர்ந்து வெகுகாலம் வாழும் பெரிய மீன் ஒன்று. அடி முதலில் அதற்குத்தான் விழும். மாதம் ஓர் இனத்துக்கு இருநூறு மீன் அளந்தாலே நல்ல படம் கிடைக்கும்.

அளக்கும்போதே சில மீன்களின் வயிற்றைக் கீறிச் சினையைப் பாருங்கள். இது உங்களுக்குப் புதிதல்ல. ஆனால் நீளத்தோடு சேர்த்து எழுதிவைப்பது புதிதாக இருக்கும். பருவம் வராத பெண் மீனின் சூலகம் மெல்லிய, ஒளி ஊடுருவும் இழைபோல முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும். பருவம் வந்ததில் அது தடித்து, மஞ்சளோ ஆரஞ்சோ ஏறி, முட்டைகள் மணிமணியாகக் கண்ணுக்குத் தெரியும். முட்டையிடத் தயாரானதை லேசாக அழுத்தினாலே தெளிந்த முட்டை ஒழுகும். முட்டையிட்டு முடித்தது துவண்டு, ரத்தச் சிவப்பேறிய வெறும் பையாக இருக்கும். முட்டையிடும் மாதங்களில் இப்படிப் பார்த்து வந்தால், எந்த நீளத்தில் பாதிப் பெண் மீன்கள் பருவத்துக்கு வந்துவிடுகின்றன என்பது புலப்படும். அந்தப் ‘பருவ நீளம்’தான் உங்கள் சங்கம் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய எண்.

ஜெர்மனியின் மீன்வள அறிஞர் ரெய்னர் ஃப்ரோயிஸ், 2004-ல் எளிய மூன்று சோதனைகளை முன்வைத்தார். பிடிபடும் மீன்கள் எல்லாம் ஒரு முறையேனும் முட்டையிடும் வாய்ப்பைப் பெற்றவையா? அவற்றில் பெரும்பாலானவை, ஒரே ஆண்டில் பிறந்த மீன்களின் மொத்த எடை உச்சத்துக்கு வரும் அந்தச் சரியான நீளத்தை ஒட்டி இருக்கின்றனவா? மிகப் பெரிய தாய் மீன்கள் வலைக்கு வெளியே தப்பி வாழ்கின்றனவா? பெரிய கணினி மாதிரிகளுக்குத் தரவு இல்லாத கடல்களில் இந்த மூன்று கேள்விகளும் மிகவும் பயன்படுகின்றன. உங்கள் பலகை முதல் இரண்டுக்கும் நேரடியாகப் பதில் சொல்லிவிடும்.

மூன்றாவதில் கொஞ்சம் நிற்க வேண்டும். பெரிய மீன் பெரிய லாபம் என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் பல இனங்களில் பெண் மீனின் எடை கூடக்கூட, முட்டைகளின் எண்ணிக்கை அதைவிட வேகமாகக் கூடுகிறது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வு நூற்றுக்கணக்கான இனங்களில் இதை அளந்து காட்டியது. அட்லாண்டிக் காட் மீனில், 30 கிலோ எடையுள்ள ஒரு பெண் மீன், 2 கிலோ எடையுள்ள 28 பெண் மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிக முட்டை இடுகிறது. அந்த 28 மீன்களின் மொத்த எடை 56 கிலோ. ஆக, எடைக்கு எடை சமம் என்ற கணக்கு தாய் மீனிடம் செல்லாது.

இதனால்தான் கண்ணியைப் பெரிதாக்குங்கள் என்ற அறிவுரையை நான் பாதிதான் ஏற்கிறேன். இழுவலைக்கு அது நல்லது. ஆனால் கண்ணியின் அளவு மட்டுமல்ல, வடிவமும் முக்கியம். மீன் சேரும் கடைசிப் பையில் சாய்சதுரக் கண்ணி இருந்தால், எடை ஏறி வலை இறுகும்போது கண்ணி நீளவாக்கில் இழுபட்டு மூடிக்கொள்கிறது. கரையில் விரலை விட்டுப் பார்த்தபோது அகலமாக இருந்த கண்ணி, கடலடியில் வெறும் கீறலாகிவிடுகிறது. அந்தப் பையில் சதுரக் கண்ணி போட்டால் இழுவையிலும் திறந்தே இருக்கும், குஞ்சு வெளியேறும். உள்ளே இன்னொரு பொடிக்கண்ணித் துணி வைத்துக் கட்டுகிறவர் இருந்தால் இதெல்லாம் வீண் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

செவுள்வலையின் கதை வேறு. அது ஒவ்வொரு கண்ணி அளவுக்கும் ஒரு குறிப்பிட்ட பருமனுள்ள மீனைத்தான் பிடிக்கும். சிறியது நுழைந்து போய்விடும், பெரியது முட்டித் திரும்பிவிடும். அங்கே கண்ணியைக் கணக்கில்லாமல் பெரிதாக்கினால், குஞ்சைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு தாய் மீனைக் குறிவைத்ததாகிவிடும். பிடிக்கலாம் என்ற மீனின் நீளத்துக்குக் குறைந்த அளவும் வேண்டும், உச்ச அளவும் வேண்டும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சிங்கி இறால் பிடிப்பவர்கள் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல், முட்டை சுமந்த பெண் இறால் கூண்டில் வந்தால் அதன் வால் துடுப்பில் ‘வி’ வடிவில் ஒரு வெட்டு வெட்டிக் கடலில் விடுகிறார்கள். அந்த வெட்டு உள்ள இறாலை, பிறகு முட்டை இல்லாமல் பிடிபட்டாலும், யாரும் விற்கக் கூடாது என்பது சட்டம். அதிகாரி யாரும் பார்க்காத நடுக்கடலில் மீனவரே கத்தியெடுத்துச் செய்யும் காவல் அது.

தடைக்காலத்தை நீட்டுவது பற்றி: எந்த மாதம், எந்த இடம் என்பதைப் பொறுத்து அது அமிர்தமாகவும் இருக்கலாம், வெறும் சடங்காகவும் இருக்கலாம். கடலுக்கு இரண்டு மாதம் ஓய்வு தந்துவிட்டு, தடை முடிந்த மறுநாளே எல்லாப் படகும் இரவு பகலாக இழுத்தால் ஓய்வில் சேர்ந்த மீன் சில வாரத்தில் தீர்ந்துவிடும். முட்டையிடக் கூடும் இடமும் காலமும் தெரிந்த இனமாக இருந்தால் கதை வேறு. கரீபியனில் லிட்டில் கேமன் தீவின் மேற்கு முனையில், நசாவு களவா மீன்கள் குளிர்கால முழுநிலவை ஒட்டி முட்டையிடக் கூடும் இடத்தை 2001-ல் மீனவர்கள் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ 7,000 மீன்கள் இருந்த அந்தக் கூட்டத்தில், இரண்டே பருவத்தில் 4,000 மீன்கள்வரை பிடிபட்டுவிட்டன. 2003-ல் அந்த இடத்தில் முட்டையிடும் காலத்தில் மீன்பிடிக்கத் தடை வந்தது. மீட்சி உடனே வரவில்லை. பல ஆண்டுகள் ஏதும் மாறாததுபோலத்தான் இருந்தது. பிறகு குஞ்சுகள் பெருகிய சில நல்ல ஆண்டுகள் வந்தன, கூட்டம் மீண்டும் 7,000 அளவுக்கு வளர்ந்தது. உங்கள் சினைப் பதிவுகளைப் பாருங்கள். இப்போதிருக்கும் தடைக்காலம் உங்கள் முக்கிய இனம் முட்டையிடும் மாதத்தில் விழுகிறதா என்று அவை சொல்லிவிடும். விழவில்லை என்றால், நீட்டச் சொல்லாதீர்கள், நகர்த்தச் சொல்லுங்கள்.

ஆனால் தம்பி, கண்ணி, தடைக்காலம் இரண்டையும் பற்றி எவ்வளவு பேசினாலும் அடியில் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருக்கிறது. அதைச் சங்கக் கூட்டத்தில் யாரும் எழுப்ப விரும்ப மாட்டார்கள்: உங்கள் கடல் எத்தனை படகைத் தாங்கும்? ஆண்டுக்கு எத்தனை மீன் சாகிறது என்பதைக் கட்டுக்குள் கொண்டுவராத எந்த விதியும் மிகை மீன்பிடிப்பை நிறுத்தாது. படகு எண்ணிக்கை, குதிரைத்திறன், கடலில் கழியும் நாள், மொத்தப் பிடிப்பின் உச்சவரம்பு ஆகியவற்றில் ஒன்றையாவது பிடித்து நிறுத்தியாக வேண்டும். ஒன்றை நிறுத்தினால் உழைப்பு இன்னொன்றில் வீங்கும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அலாஸ்காவில் ஹாலிபட் மீனுக்கு மொத்த உச்சவரம்பு மட்டும் வைத்தார்கள், யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கவில்லை. விளைவு, மற்றவர் பிடிப்பதற்கு முன் நான் பிடித்துவிட வேண்டும் என்ற ஓட்டப்பந்தயம். 1990-களின் தொடக்கத்தில், பல பகுதிகளில் ஆண்டு முழுவதற்குமான மீன்பிடிப்பு இரண்டு மூன்று 24 மணி நேரங்களுக்குள் முடிந்தது. புயல் அடித்தாலும் அந்த நாளில் போயாக வேண்டும், உயிர்கள் போயின. 1995-ல் ஒவ்வொருவருக்கும் தனிப் பங்கு ஒதுக்கிய பிறகு, பருவம் எட்டு மாதமாக நீண்டது.

அதற்காகத் தனிப் பங்குதான் மருந்து என்று நான் சொல்லவில்லை. பங்கை விற்கலாம் வாங்கலாம் என்று திறந்துவிட்ட ஐஸ்லாந்தில் மீன்வளம் தேறியது. ஆனால் பங்குகள் பெரிய நிறுவனங்களிடம் குவிந்தன, பல சிறு கடற்கரை ஊர்கள் கையில் பங்கில்லாமல் நின்றன. உங்கள் துறைமுகத்தில் அப்படி ஒரு திட்டம் பேசப்பட்டால், பங்கு சங்கத்துக்கே சொந்தம், தனியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையில் உறுதியாக நில்லுங்கள்.

குறைத்துப் பிடித்தால் வருமானம் குறையும் என்ற பயத்துக்கும் பதில் உண்டு. மீன் கூட்டம் மிகவும் மெலிந்திருக்கும்போது முட்டையிடத் தாயில்லை. நிரம்பி வழியும்போது இரைக்கும் இடத்துக்கும் போட்டி. இரண்டுக்கும் நடுவில்தான் கூட்டம் வேகமாக வளர்கிறது, ஆண்டுதோறும் அதிகம் எடுக்கலாம். அந்த நடுவைத் தாண்டிப் போய்விட்ட கடலில், உழைப்பைக் குறைத்தால் சில ஆண்டுகளில் அதே அளவு மீனை, அதைவிடக் கூடுதலாகவும், குறைந்த டீசலில் பிடிக்கலாம். 2012-ஆம் ஆண்டுக்கு உலக வங்கி போட்ட கணக்கில், மோசமான மேலாண்மையால் உலகக் கடல்மீன் தொழில் கைவிட்ட நிகர வருமானம் 8,300 கோடி டாலர். அந்தத் தொகையில் உங்கள் தங்கல் டீசலும் இருக்கிறது.

இளைஞர்கள் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். நாம் விட்டால் மற்றவன் பிடிப்பான் என்பது பேராசைப் பேச்சு அல்ல. அப்படி நினைக்கிறவரைத் திட்டுவது நியாயமில்லை. யாருக்கும் சொந்தமில்லாத வளத்தில், தனியாக விட்டுக்கொடுப்பவர் நட்டப்படுவார் என்பது 1954-லேயே ஸ்காட் கார்டன் என்ற பொருளியலாளர் மீன்பிடித் தொழிலை வைத்து விளக்கிய உண்மை. ஆனால் உலகில் பல இடங்களில் மீனவர்கள் இந்தச் சுழலிலிருந்து வெளியே வந்திருக்கிறார்கள். சிலியில் லோக்கோ என்ற கடல் நத்தை அழியும் நிலைக்கு வந்து, 1989-லிருந்து 1992 வரை மீன்பிடிப்பையே மூடிவிட்டார்கள். 1991-ல் வந்த சட்டம், கடலடியின் குறிப்பிட்ட பகுதியை மீனவர் சங்கங்களுக்கே ஒப்படைக்க வழி செய்தது. தன் பகுதியில் விட்டுவைத்த நத்தையை நாளை தானே எடுப்போம் என்ற உறுதி வந்ததும், மீனவர்களே காவல் இருக்கத் தொடங்கினார்கள். நத்தை நகர்ந்து போகாது. உங்கள் மீன் போகும். ஆகவே உங்கள் எல்லை உங்கள் துறைமுகமாக இருக்க முடியாது. அந்த மீன் எத்தனை துறைமுகங்களுக்கு முன்னால் நீந்துகிறதோ, அத்தனை துறைமுகங்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரையை 2000-களில் கைகழுவிவிட வேண்டியதுதான் என்று என் துறையில் பலர் பேசினார்கள். கடலையே குறுக்கே கடக்கும் மீன். பல நாடுகள் பிடிக்கின்றன. 2010 வாக்கில் கிழக்கு அட்லாண்டிக், மத்தியதரைக் கடல் பகுதியின் உச்சவரம்பை ஆண்டுக்கு 13,500 டன்னாக வெட்டினார்கள், குஞ்சு மீனைப் பிடிப்பதைத் தடுத்தார்கள், கப்பல்களில் பார்வையாளர்களை ஏற்றினார்கள். 2020-ல் அதே உச்சவரம்பு 36,000 டன்னாக உயர்ந்தது. ஏனென்றால் மீன் திரும்பி வந்திருந்தது. பல நாடுகளால் முடிந்தது, அண்டைத் துறைமுகங்களால் முடியாமல் போகாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன்: விதியை நல்ல ஆண்டிலேயே எழுதிவிடுங்கள். பாடு மோசமான ஆண்டில், கடன்காரன் வாசலில் நிற்கும்போது, எந்தப் படகுக்காரரும் குறைக்கச் சம்மதிக்க மாட்டார். நானாக இருந்தாலும் சம்மதிக்க மாட்டேன். பலகை இன்ன எண்ணைக் காட்டினால் இன்னது செய்வோம் என்பது, அந்த எண் வருவதற்கு முன்பே எல்லோரும் கையெழுத்திட்ட தாளில் இருக்க வேண்டும். பெரு 1970-களின் அடிக்குப் பிறகு வந்துசேர்ந்த இடம் இதுதான். அங்கே நெத்திலிக்குக் குறைந்தபட்ச நீளம் 12 சென்டிமீட்டர். பிடிப்பில் அதற்குச் சிறியவை குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் பகுதியைச் சில நாட்களுக்கு மூடிவிடுவார்கள். 2023-ல் கடலில் குஞ்சுகளே அதிகம் என்று தெரிந்ததும், வட–மத்தியப் பகுதியின் ஆண்டு முதல் பருவத்தையே ரத்து செய்தார்கள். பெரும் பணம் புழங்கும் தொழில் அது. கூச்சல் இல்லாமல் நடக்கவில்லை. ஆனாலும் நடந்தது.

உங்கள் சங்கத்துக்கு நான் பரிந்துரைப்பதும் அப்படியொரு ஒற்றை வரிதான். முதல் ஆறு மாத அளவுகள் கையில் வந்ததும், “பருவ நீளத்துக்குக் குறைந்தவை இவ்வளவு சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் பகுதியில் இத்தனை நாள் இழுப்பதில்லை” என்று எழுதுங்கள். எண்ணை நீங்களே கூடிப் பேசி நிரப்புங்கள். மீறினால் என்ன அபராதம், அபராதப் பணம் எங்கே போகும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். இழுக்காத நாளில் பங்குக்கு வேலை செய்யும் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும் என்பதை விட்டுவிடாதீர்கள். சேமிப்பின் பலன் உரிமையாளருக்கும் பட்டினி தொழிலாளிக்கும் என்று ஆகிவிட்டால் உங்கள் விதி ஒரு பருவம் தாங்காது, தாங்கவும் கூடாது. அதோடு, விதி எழுதும் அன்றே புதிய படகு சேர்ப்பதையும் எஞ்சின் திறனைக் கூட்டுவதையும் நிறுத்திவையுங்கள். இருப்பதைக் குறைப்பது கடினம். கூடாமல் பார்த்துக்கொள்வது இன்றே முடியும்.

பக்கத்துத் துறைமுகத்திடம் ஒப்பந்தத்தோடு போகாதீர்கள். பலகையோடு போங்கள். ஒரே மாதத்தில், ஒரே இனத்தை, இரண்டு இடத்திலும் அளக்கலாம் என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் ஆட்கள் உங்கள் இறங்குதளத்தில் அளக்கட்டும், உங்கள் ஆட்கள் அவர்கள் இறங்குதளத்தில் அளக்கட்டும். அடுத்தவர் எழுதிய எண்ணை நம்பாதவர்கூடத் தன் கையால் அளந்ததை மறுக்க மாட்டார். வால் நுனிவரையா, கவட்டைவரையா என்பதை மட்டும் இரு தரப்பும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எண்களை ஒப்பிட முடியாமல் போகும். நீளம், சினை நிலை, பிடித்த இடம், ஆழம், இழுத்த மணி நேரம், இந்த ஐந்து பத்திகளோடு ஆறு மாதப் பதிவை எனக்கு அனுப்பிவையுங்கள். பருவ நீளத்தைக் கணக்கிட்டு, உங்கள் கூட்டத்தில் வைத்துப் பேசும்படியாக எழுதித் தருகிறேன்.